வானொலிப் பெட்டியும் தேவசகாயம் வாத்தியாரின் குரலும்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆசிரியர்களுக்குக் கருவிகளைப் பழக்கிக் கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டியை எப்படித் திறப்பது, கம்பியை எங்கே கட்டுவது, பாட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை பெட்டியோடு வருகிற காகிதத்திலேயே இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களையா உங்கள் வேலைக்கு எடுத்திருப்பார்கள்? அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷத்தில் பெட்டிகள் என்னைப் படுத்தியது கொஞ்சம்தான். ஆசிரியர்கள் படுத்தியதுதான் அதிகம். நானும் ஓர் ஆசிரியை என்பதால் இதை உரிமையோடு சொல்லலாம்.

நான் வேலையில் சேர்ந்தபோது எங்களிடம் மேஜிக் லாந்தர் இருந்தது. கண்ணாடித் தகட்டில் வரைந்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் சுவரில் காட்டுகிற கருவி அது. அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் எந்தப் பையன் பேசுகிறான் என்று தெரியாமல் ஒரு வாத்தியார் பிரம்பை நீட்டித் தன் தலைமையாசிரியரின் தோளிலேயே ஒன்று போட்டுவிட்டார். அடுத்த நாள் லாந்தரே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாவம் அது என்ன செய்யும்? பிறகு கிராமபோன் வந்தது. யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வானொலி வந்தது. மதராஸ் நிலையத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மத்தியானத்தில் தமிழில் பேசுவார்கள். பெங்களூர் கன்டோன்மென்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிகள் நிறைய இருந்ததால் அதைக் கேட்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த அம்மாள் ஓய்வு பெறும்போது எனக்கு ஒரே ஒரு புத்திதான் சொன்னார். "பெட்டியைப் பத்திக் கவலைப்படாதே. அது காது கொடுத்துக் கேட்காதுன்னாலும் சொன்னபடி கேட்கும். வாத்தியாருங்கதான் வாயை மூடப் பழகணும். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்." அப்போது எனக்கு அது ஏதோ கிண்டலாகத்தான் பட்டது. அடுகோடிக்குப் போன பிறகுதான் அது கிண்டல் இல்லை என்று தெரிந்தது.

அடுகோடி அப்போது ஊருக்கு வெளியே இருந்தது. ஓசூர் ரோட்டில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகும். அங்கே மிஷன் பள்ளி ஒன்று பழைய கிடங்கில் நடந்து வந்தது. நீளமான ஒரே கூடம், மேலே தகரக் கூரை, நடுவில் தடுப்பு என்று பெயருக்குக்கூட ஒரு சுவர் கிடையாது. அந்தக் கூடத்திலேயே மூன்று வகுப்புகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு வகுப்பின் வாய்ப்பாடும் அடுத்த வகுப்பின் செய்யுளும் தகரத்தில் மோதிக் கலந்து கீழே வரும்.

மூன்று வகுப்புக்கும் மூன்று ஆசிரியர்கள். நடு வகுப்பு தேவசகாயம் வாத்தியாருடையது. ஆறடி உயரம், கோட்டு, தலைப்பாகை, அதற்கேற்ற குரல். அவர் ஆஜர் எடுத்தால் ஓசூர் ரோட்டில் போகிற வண்டிக்காரன் "உள்ளேன் ஐயா" என்பான் என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான். ஒருபுறம் நாகரத்னா டீச்சர், வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன பெண். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். மறுபுறம் கிருபை டீச்சர். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருப்பார், கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரம் எப்போதும் அடங்கியிருக்கும். தொண்டை கட்டிப்போனவர். பேசினால் காற்றுதான் அதிகம் வரும்.

எங்கள் பயிற்சி நாளை ஆசிரியர்கள் 'பெட்டி நாள்' என்பார்கள். அன்று சுற்றிலும் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் பெட்டியை வைத்துப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடத்தின் நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பார்த்தவர்கள் குறைநிறை சொல்வார்கள். வேலையில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் இளையவருக்கு வாய் வராது என்பதால் இந்த ஏற்பாடு. பாடம் நடத்தியவர் மடியில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடைசி வார்த்தை அவருடையது. இந்த முறையை நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களா தெரியவில்லை. விட்டிருந்தால் மறுபடி கொண்டுவாருங்கள்.

அன்று காலை ஜட்கா வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோதே பள்ளியின் கரஸ்பாண்டென்ட் என்னைத் தனியே அழைத்தார். பள்ளியின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். வயதானவர், நேர்மையானவர், கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிப் பேசுவார்.

"மிஸ், கிருபை டீச்சரை இந்த டேர்மோட நிறுத்திடலாம்னு இருக்கேன். தங்கமான மனுஷிதான். ஆனா குரல் கடைசி பெஞ்சுக்குப் போகல. நானே பின்னால போய் உக்காந்து பாத்தேன். ஒரு வார்த்தை காதுல விழல. பிள்ளைங்க படிப்பு என்ன ஆகறது? இன்னிக்கு வர்ற டீச்சருங்கள்ல நல்லா குரல் எடுத்துப் பேசறவங்க யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"நேத்தே சொல்லிட்டேன். அழல, சண்டை போடல. தலையை ஆட்டிட்டு கிளாசுக்குப் போயிட்டாங்க."

கிருபை டீச்சரின் கணவருக்கு வேலைக்குப் போகிற உடம்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். அவருக்குப் பதில் ஆள் தேடும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் கிருபை டீச்சரே வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், இது பேசறப்ப டீச்சர் பேசக் கூடாதாமே, நெஜமாவா?"

"ஆமாம்மா. அது பேசி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது."

"அப்டின்னா இது எனக்கு ஒத்து வரும்" என்று சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன்.

பாடம் நடத்துவது யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை, தேவசகாயம் வாத்தியார்தான். மற்ற இரண்டு வகுப்புகளுக்கும் அன்று விடுமுறை. அவருடைய பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் போன வருஷம் கிருபை டீச்சரிடம் படித்தவர்கள். கிருபை டீச்சரும் நாகரத்னாவும் மற்றப் பள்ளி ஆசிரியர்களும் சுவரோரம், கரஸ்பாண்டென்ட் நாற்காலியில், நான் பெட்டிக்குப் பின்னால். ஒலிபரப்பு வருகிறபோது ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். தேவசகாயம் வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மிஸ், சரிங்க மிஸ்" என்று தலையாட்டியிருந்தார்.

பெட்டி கரகரத்தது, பிறகு தெளிந்தது. பேசப் போகிறவர் ஒரு காலேஜ் பேராசிரியர் என்று அறிவித்தார்கள். அவர் கனிவான குரலில், "குழந்தைகளே, எல்லாருக்கும் என் நமஸ்காரம்" என்றார்.

வகுப்பு முழுவதும் தடதடவென்று எழுந்து நின்றது. "நமஸ்காரம் ஐயா!"

நான் இதை எதிர்பார்க்கவேயில்லை. ஒழுங்கான பள்ளிகளில் பெரியவர்கள் நமஸ்காரம் சொன்னால் பிள்ளைகள் எழுந்திருப்பார்கள், பெரியவர் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள். பெட்டியில் இருந்த பேராசிரியர் உட்காரச் சொல்லவில்லை. மதராஸில் இருக்கிறவருக்கு அடுகோடியில் பிள்ளைகள் நிற்பது எப்படித் தெரியும்? தேவசகாயம் வாத்தியாரும் உட்காரச் சொல்லவில்லை. காலேஜ் பேராசிரியர் பேசும்போது இவர் குறுக்கே உத்தரவு போடுவதா? அவரும் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். அதைப் பார்த்துச் சுவரோரத்தில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் தயங்கித் தயங்கி எழுந்தார்கள். கரஸ்பாண்டென்ட்கூட நாற்காலியின் கையைப் பிடித்து அரைவாசி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேராசிரியர் துறைமுகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அடுகோடிப் பிள்ளைகளில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் புரியாதே என்று தேவசகாயம் வாத்தியாருக்குக் கவலை வந்துவிட்டது. நல்ல வாத்தியார்களுக்கு வருகிற கவலைதான் அது.

"துறைமுகம்! துறைமுகம்னா இன்னா? கப்பல் வந்து நிக்கிற எடம்! எங்க, சொல்லுங்க பாக்கலாம்!"

"கப்பல் வந்து நிக்கிற எடம்!" என்று நின்றபடி வகுப்பு கத்தியது.

அதற்குள் பேராசிரியர் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விட்டார். நான் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வாத்தியாரும் கொஞ்சம் கூட்டினார். நான் இன்னும் திருகினேன், அவர் இன்னும் எடுத்தார். தகரக் கூரை அதிர்ந்தது. வாசலில் ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நிற்கிற பிள்ளைகளில் சின்னவர்கள் காலை மாற்றி மாற்றி நெளிந்தார்கள். சுவரோரத்து ஆசிரியர்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கரஸ்பாண்டென்ட்டின் கைத்தடி தரையில் தட்டத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டியை நிறுத்தலாம். நிறுத்தினால் பாடம் செத்துவிடும், வாத்தியார் அத்தனை பேருக்கும் நடுவில் தலைகுனிவார். எழுந்து போய் அவர் காதில் சொல்லலாம், ஆனால் அவருக்குக் கேட்காது. நான் பெட்டித் திருகில் கையை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். அப்போது சுவரோரத்தில் கிருபை டீச்சர் எழுந்தார்.

பாடத்தின் நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை அன்று காலை படித்துக் காட்டியவளே நான்தான். கரஸ்பாண்டென்ட் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். உட்காருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒரு பெண் எல்லார் எதிரிலும் எழுந்து நடக்கிறார் என்றால் காரணம் இருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

அவர் நேராக முன்னால் போனார். பிள்ளைகளைப் பார்த்து இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகக் கீழே இறக்கினார். வகுப்பு முழுவதும் உட்கார்ந்தது. தொண்டை போனதிலிருந்து அவர் வகுப்பு நடத்துவது கையால்தான், அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. அடுத்து வாத்தியார் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். ஆறடி வாத்தியார், வாயில் பாதி வார்த்தையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவர் வகுப்புப் பையன்கள் திட்டு வாங்கும்போது அப்படித்தான் நிற்பார்கள்.

கூடத்தில் பேராசிரியரின் குரல் மட்டும் கேட்டது. கிருபை டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தார். பேராசிரியர் கரையைச் சொன்னபோது பலகையில் ஒரு கோடு வந்தது. அலையைச் சொன்னபோது கோட்டுக்குப் பக்கத்தில் அலை வந்தது. தூரத்தில் கப்பல் என்றபோது ஒரு புள்ளி மட்டும் வைத்தார். பேராசிரியர் பேசப் பேச அந்தப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக் கப்பலாக்கினார். கடைசியில் கப்பலின் சங்கு ஊதுகிற சத்தம் பெட்டியில் வந்தது. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, காதில் கையை வைத்துக் கேட்டார். அத்தனை பிள்ளைகளும் காதில் கையை வைத்தார்கள். நானும் வைத்தேன் என்று பிறகு நாகரத்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒலிபரப்பு முடிந்ததும் கையைத் தட்டிச் சுண்ணப்பொடியை உதறிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம்.

குறைநிறை சொல்லும் நேரம் வந்தது. வாத்தியார் மடியில் கையை வைத்து உட்கார்ந்தார். எல்லாரையும்விட இளையவர் நாகரத்னா. முதலில் எழுந்து நின்றார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மொதல்ல ரேடியோல அவுங்க இன்னா சொன்னாங்கன்னு நிஜவாகலூ எனக்குக் கேக்கல. உங்க கொரல்தான் கேட்டது. கிருபக்கா வந்தப்புறம்தான் எல்லாம் கேட்டுச்சு."

அடுத்தவர்கள் பூசி மெழுகினார்கள். பலகை எழுத்து அழகு, பிள்ளைகள் சுத்தம், அப்படி இப்படி. பிறகு கரஸ்பாண்டென்ட் கைத்தடியைத் தட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்தது. படம் பிரமாதம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா கடைசி வரைக்கும் வாயே தொறக்கலையே. இந்தப் பெட்டி வாரத்துல ஒருநாள் அரைமணி பேசும். மீதி நேரமெல்லாம் யார் பேசறது? படம் போடறதுக்கு மட்டும் ஒரு டீச்சரை வெச்சுக்க முடியுமா?"

கிருபை டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் அருமையாகப் பேசியிருப்பேன், கரஸ்பாண்டென்ட் பதிலுக்குப் பேசியிருப்பார், கடைசியில் நிர்வாகமும் பயிற்சித் துறையும் சண்டை போட்டுக்கொண்டதாக ஆகியிருக்கும். கிருபை டீச்சருக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. கடைசி வார்த்தை பாடம் நடத்தியவருடையது என்பது ஞாபகம் வந்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வாத்தியார் ஐயா, நீங்க சொல்லுங்க" என்றேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். உங்களிடம் நல்ல பேச்சு தயாராக இருக்கிறதா? அதற்கு முன்னால் வேறு யாருடைய முறை என்று பாருங்கள்.

தேவசகாயம் வாத்தியார் எழுந்தார். முதன்முறையாக அவர் தணிந்த குரலில் பேசிக் கேட்டேன்.

"நாகரத்னா சொன்னது சரிங்க. பெட்டி எம் பக்கத்துலதான் இருந்தது, எனக்கே ஒண்ணும் கேக்கல. கிருபை வந்து வாய மூடுன்னு காட்டுனாங்க. மூடுனேன். அப்பதான் இந்தக் கூடம் எப்டி இருக்கும்னு எனக்கே தெரிஞ்சுது." கரஸ்பாண்டென்ட் பக்கம் திரும்பினார். "ஐயா, இவங்க வேலைக்கு வந்தப்ப நல்லாப் பாடுவாங்க. அப்பல்லாம் கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கறதே இவங்கதான். நான் நடுவுல நின்னுகிட்டு தெனமும் கத்தறேன். எம் பக்கத்துல நின்னுகிட்டு, எனக்கு மேல கத்தினாத்தான் இவங்க பிள்ளைங்களுக்குக் கேக்கும். கத்திக் கத்தித்தான் தொண்ட போச்சு. நீங்க பின்னால உக்காந்து பாத்தீங்களே, அப்பவும் நான் நடுவுல பாடம் நடத்திட்டுத்தான் இருந்தேன். இவங்க குரல் சின்னதில்லீங்க. அத நான் தின்னுட்டேன்."

கிருபை டீச்சர் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இப்ப நீர் என்ன செய்யப் போறீர்?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"நான் வெளிய போயிடறேன் ஐயா."

"வேலைய விட்டா?"

"ஐயையோ, அதில்லீங்க! கூடத்த விட்டு. மரத்தடிக்குப் போயிடறேன். அங்க நான் எவ்ளோ கத்தினாலும் மாடுங்கதான் கேக்கும். மழை வந்தா உள்ள கூட்டிட்டு வந்து எழுத்து வேலை குடுத்துட்டு வாய மூடிக்கறேன். இன்னிக்குப் பழகிட்டேனே."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார். கூடத்தின் நீளம் முழுவதும் நடந்து போய், சுவரை ஒட்டியிருந்த கடைசிப் பெஞ்சில், முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்தார்.

"தேவசகாயம், நீர் வாயைத் தொறக்கக் கூடாது. மத்தவங்களும்தான். கிருபையம்மா, அங்க முன்னால நின்னு ஏதாவது சொல்லுங்க. கத்த வேண்டாம். சாதாரணமாச் சொல்லுங்க."

கிருபை டீச்சர் முன்னால் போய் நின்றார். கன்னத்திலிருந்த அதிமதுரத்தை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். ஏதாவது பாட்டு சொல்வார், பாடம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அந்த நீளமான கூடத்தின் மறுகோடியைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஐயா, அடுத்த டேர்முக்கு நான் வரலாமா?"

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கே அது மெல்லியதாகத்தான் கேட்டது.

கடைசிப் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "வாங்கம்மா."

தேவசகாயம் வாத்தியாரை வாய் திறக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் தகரக் கூரை அதிரக் கைதட்டினார்.